சட்டியில் விழாத அரிசி

மனைவி அம்சவள்ளியைக் கல்லறைத் தோட்டத்தில் புதைத்த பின் வந்த முதல் ஞாயிற்றுக்கிழமை, பொன்னுரங்கம் இரண்டு மூட்டை பொன்னி அரிசியை டிராக்டரில் ஏற்றிக்கொண்டு சர்ச்சுக்குப் போனார். கச்சிராயபாளையத்தில் கரும்பும் நெல்லுமாக வாழ்கிற மனுஷர். அதுவரை அந்த வாசற்படியை மிதித்ததில்லை. இயேசு அவளுடைய சாமி, அவருடையது அல்ல.

சோற்றுக்கு அரிசி அளந்ததும் அதிலிருந்து ஒரு கைப்பிடி எடுத்து மண்சட்டியில் போட்டுவைப்பாள் அவள். சர்ச்சுக்குப் போகிற பெண்கள் எல்லாருமே செய்வதுதான். ஞாயிறன்று அந்த அரிசி சர்ச் வழியாக இல்லாதப்பட்டவர் வீட்டு அடுப்புக்குப் போகும்.

"மூட்டை மூட்டையா கெடக்குது, இன்னாத்துக்குடி புடி புடியா அள்ளிக்கினு கெடக்குற?" என்பார்.

"மூட்டையிலேர்ந்து எடுத்தா அது உங்களுதுங்க. ஒலைக்கு அளந்ததுலேர்ந்து எடுத்தாத்தான் என்னுது" என்று சிரிப்பாள். அந்தக் கணக்கு அவருக்குப் பிடிபடவே இல்லை.

வயிற்றில் வந்த கட்டி அவளைக் கட்டிலில் தள்ளியது. டாக்டர்கள் கையை விரித்துவிட்டார்கள். அவர் கஞ்சிக்கு அரிசி எடுக்கும்போதெல்லாம், "எனக்கு அளந்ததுல ஒரு புடி சட்டியில போடுங்க" என்று கெஞ்சுவாள். அவள் தொண்டையில் இறங்குவதே ஒரு பிடிதான். அதிலும் எடுப்பதா? எந்தப் புருஷனுக்கு மனசு வரும்? "போட்டுட்டேன்" என்று தினமும் பொய் சொன்னார். மத்தியானம் கரும்புக் கொல்லையிலிருந்து வந்து பார்த்தால் கஞ்சி டம்ளர் காலியாக இருக்கும். அவருக்கு உயிர் வரும். சொட்டு விடாமல் குடித்திருக்கிறாள், பிழைத்துக்கொள்வாள் என்று நம்பினார்.

அந்தப் பொய்க்குப் பரிகாரமாகத்தான் இப்போது இரண்டு மூட்டை.

மூட்டையை இறக்க ஓடிவந்தாள் செவ்வந்தி. அவர் கரும்புக் கொல்லையில் கூலி வேலை செய்பவள். பகலெல்லாம் அம்சவள்ளியின் பக்கத்தில் இருந்து பார்த்துக்கொண்டவளும் அவள்தான்.

"சட்டியில நான் ஒரு நாளும் அரிசி போடல செவ்வந்தி. பாவம், அது தெரியாமலே அவ போயிட்டா" என்றார் பொன்னுரங்கம்.

"அக்காவுக்குத் தெரியுங்க. அரிசி வுழுற சத்தமே கேக்கலன்னாங்க." செவ்வந்தி முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். "அதான்... நீங்க அப்பால போனதும் கஞ்சியில பாதிய வேற டம்ளர்ல ஊத்தச் சொல்லுவாங்க. நீ குடின்னுவாங்க. வேணான்னா அழுவாங்கய்யா. நான் இன்னா பண்ணுவேன்?"

காலி டம்ளரைப் பார்த்துப் பார்த்துத் தான் பூரித்துப்போனதைப் பொன்னுரங்கம் நினைத்துப் பார்த்தார். சாகிற நேரத்திலும் கொடுப்பதற்கு அவளிடம் ஏதோ இருந்திருக்கிறது. தன்னிடம் மூட்டைகள்தான் இருந்தன.

வீட்டுக்கு வந்து உலை வைத்தார். ஒரு ஆளுக்கு அரிசி அளந்தார். அதிலிருந்து ஒரு கைப்பிடி எடுத்தபோது, மிச்சம் கண்ணுக்குத் தெரியும்படி குறைந்துபோயிற்று. சட்டியை அவள் கட்டிலருகே கொண்டுபோய் வைத்து, கையை உயரத் தூக்கிப் போட்டார். வெறும் சட்டியில் அரிசி சடசடவென்று விழுந்தது.

"கேக்குதா அம்சா?" என்றார்.

கட்டிலில் சுருட்டி வைத்த பாய்தான் கிடந்தது.