சனிக்கிழமை பதினொன்றே காலுக்குத் தட்டப்படும் கதவு

நாத்ரேவ் கிராமத்தில் எதெல்காவின் வீட்டுக் கதவை முப்பது வருடங்களாகச் சனிக்கிழமைதோறும் காலை பதினொன்றே காலுக்கு யாரோ மூன்று முறை தட்டினார்கள், திறந்தால் யாரும் இருப்பதில்லை. முதல் இரண்டு தட்டு அடுத்தடுத்து விழும், மூன்றாவது கொஞ்சம் தயங்கி விழும். தெருவில் சிலர் அதைக் கேட்டுத்தான் கடிகாரத்தைத் திருத்திக்கொண்டார்கள். கிராம மன்றத்திலிருந்து ஒருவர் வந்து பார்த்து, குளிரில் மரம் சுருங்குவதால் வரும் சத்தம் என்று எழுதிவிட்டுப் போனார். எதெல்காவின் கணவன் மார்த்தோன் தச்சன். மரத்தைப் பற்றி எனக்கே பாடம் எடுக்கிறானா என்று கோபப்பட்டு, கதவைக் கழற்றிப் புதுக் கதவு மாட்டினான். புதுக் கதவிலும் தட்டியது. ஒரு சனிக்கிழமை கதவே வேண்டாம் என்று கழற்றிச் சுவரில் சாய்த்து வைத்தான். வெறும் வாசலில், உயரமான ஒரு பையனின் தோள் மட்டத்தில், காற்றிலேயே மூன்று தட்டு விழுந்தது. அன்று சாயங்காலமே கதவைத் திரும்ப மாட்டிவிட்டான்.

தட்டுவது யாரென்று ஊருக்கே தெரியும். ஐம்பத்தாறாம் வருடம் நவம்பர் பதினேழாம் தேதி, சனிக்கிழமை. மறுநாள் அவர்களுடைய ஒரே மகன் யெனோவின் பெயர் நாள், அவன் பெயர்கொண்ட புனிதருக்குரிய நாள். நகரத்தில் படித்துக்கொண்டிருந்த பையன் பெயர் நாளுக்காவது வருவானா என்று தெரியாது. கிளர்ச்சியை அடக்க வந்த அந்நிய டாங்கிகள் தலைநகரில் ஓடிக்கொண்டிருந்தன, நாத்ரேவ் தெருவிலும் சிப்பாய்கள் நின்றார்கள், எல்லையிலிருந்த நாணல் காட்டுக் கால்வாயைத் தாண்டி ஜனங்கள் கூட்டம் கூட்டமாக ஆஸ்திரியாவுக்குப் போய்க்கொண்டிருந்தார்கள். வந்தால் சாப்பிடட்டும் என்று எதெல்கா அரஞ்கலுஷ்கா செய்தாள். அவன் உயிரையே விடுவான் அந்தப் பொன்னுருண்டைக்கு. ஈஸ்ட் போட்டுப் பிசைந்த மாவைச் சின்னக் கண்ணாடிக் கோப்பையால் வெட்டி, உருண்டைகளை உருக்கிய வெண்ணெயில் முக்கி, சர்க்கரை கலந்த அக்ரூட் பொடியில் புரட்டி, தகரப் பாத்திரத்தில் அடுக்கித் துணி மூடி அடுப்போரம் வைத்திருந்தாள். இனி அது இரண்டாம் முறை உப்ப வேண்டும். அந்த நேரத்தில் கதவு திறந்து குளிர்காற்று பட்டால் உருண்டைகள் அமுங்கிப் போகும், பிறகு எந்தச் சூட்டிலும் எழாது. நாத்ரேவில் மாவு உப்பும்போது மாதா கோவில் சாமியார் வந்தாலும் வெளியில்தான் நிற்பார். ஆகவே கதவு தட்டப்பட்டதும், எதையாவது இரவல் கேட்டு வந்து நிற்கும் பக்கத்து வீட்டுக் கிஸெல்லாதான் என்று நினைத்து எதெல்கா உள்ளேயிருந்தே சத்தம் போட்டாள்.

“இப்பத் திறக்க முடியாது, மாவு உப்பிக்கிட்டிருக்கு. ஒரு மணி நேரம் கழிச்சு வா.”

பன்னிரண்டு மணிக்கு கிஸெல்லா வந்தாள். உன் பையன் காலரைத் தூக்கிவிட்டுக்கொண்டு வீட்டுக்குப் பின்னால் கால்வாய்ப் பக்கம் போனானே, பார்த்தாயா என்று கேட்டாள். எதெல்கா ஓடினாள். கால்வாய்ப் பக்கம் துப்பாக்கிச் சத்தம் கேட்டுக்கொண்டிருந்தது. அதன் பிறகு யெனோவை யாரும் பார்க்கவில்லை, எல்லைக்கு அந்தப் பக்கத்து அகதி முகாம்களின் பட்டியல்களிலும் அவன் பெயர் இல்லை.

ஒரு வருடம் அவள் மாவைத் தொடவில்லை. அடுத்த பெயர் நாளுக்கு முந்தின சனிக்கிழமை மனசு கேட்காமல் பிசைந்து அடுக்கி வைத்தாள். பதினொன்றே காலுக்குக் கதவு தட்டியது. அதற்குப் பிறகு ஒரு சனிக்கிழமைகூட விடவில்லை. மகன் என்று அவளுக்கு மிஞ்சியது அந்த மூன்று தட்டுகள்தானே, எப்படி விடுவாள்? கைப்பிடியைப் பிடித்தபடியே காத்திருந்து இரண்டாம் தட்டிலேயே திறந்து பார்த்தாள், முதல் தட்டிலேயே திறந்து பார்த்தாள். வாசலில் குளிர்தான் இருந்தது. பின்னால் உருண்டைகள் அமுங்கிவிடும். அவள் அப்படியே கால்வாய்க்குப் போய்விடுவாள், மார்த்தோன் பின்னாலேயே போய் மத்தியானத்துக்கு மேல் கூட்டி வருவான். அமுங்கிய உருண்டைகளைக் கிஸெல்லாவின் கோழிகள் முப்பது வருடம் தின்று கொழுத்தன.

எண்பத்தேழு பிப்ரவரியில் மார்த்தோன் படுத்தான். நுரையீரல் முழுக்க மரத்தூள் என்றார் டாக்டர். சாவதற்கு இரண்டு நாள் முன்னால் எதெல்காவைப் பக்கத்தில் உட்காரச் சொல்லி, சுவரைப் பார்த்துக்கொண்டே பேசினான்.

“தட்டுனது அவன்தான்னு எனக்கு அன்னைக்கே தெரியும். நீ கத்துனதும் நான் நின்ன சன்னலுக்கு வெளிய மெதுவா சிரிச்சான். ‘சரிம்மா, ஒரு மணி நேரம் கழிச்சு வர்றேன்’னான். உனக்குக் கேக்கல, எனக்குக் கேட்டுச்சு.”

ஏன் சொல்லவில்லை என்று கேட்டாள்.

“கோவம். செப்டம்பர்ல நான் அறைஞ்சேன்னு சொல்லாமக் கொள்ளாமப் போனவன்தானே, ஒரு மணி நேரம் குளிர்ல நிக்கட்டும்னு நெனச்சேன். அவ்வளவுதான் எதெல்.”

அவள் எழுந்து போய் அடுப்படியில் நின்றாள். அவனை அடித்துக் கொன்றுவிடலாம் போல இருந்தது, ஏற்கெனவே செத்துக்கொண்டிருப்பவனை என்ன செய்வது? இரண்டு நாளும் அவனுக்குக் கஞ்சி ஊட்டினாள், ஒரு வார்த்தை பேசவில்லை. அடக்கம் முடிந்து வீட்டில் தனியாக உட்கார்ந்திருந்தபோதுதான் அவன் சொன்னதன் மிச்சம் அவளுக்கு உறைத்தது. பிள்ளை ஒரு மணி நேரம் கழித்து வருகிறேன் என்றிருக்கிறான். அந்த ஒரு மணி நேரத்தை அவள் ஒரு தடவையாவது கொடுத்தாளா? தட்டியதும் திறந்துவிட்டு, அவன் வரும் வேளைக்கு வீட்டைக் காலியாகப் போட்டுவிட்டுக் கால்வாய்க்கல்லவா ஓடியிருக்கிறாள்!

அந்தச் சனிக்கிழமை பதினொன்றே காலுக்குக் கதவு தட்டியது. எதெல்கா மேசையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, அன்று சொன்னதையே எழுத்துப் பிசகாமல் சொன்னாள். தன் வாயாலேயே இன்னொரு தடவை மகனைத் திருப்பி அனுப்பிவிட்டு உட்கார்ந்திருப்பது எவ்வளவு கொடுமை என்று அவளுக்குத்தான் தெரியும். உருண்டைகள் முப்பது வருடத்தில் முதல் முறையாகத் தகரத்தின் விளிம்பைத் தாண்டி எழுந்தன. அடுப்பில் வைத்தாள். உருண்டைமேல் ஊற்ற வெனிலா போட்டுப் பாலையும் முட்டை மஞ்சள் கருவையும் காய்ச்சினாள். பன்னிரண்டே காலுக்குத் தகரத்தைத் தட்டில் கவிழ்க்கும்போது கதவு தானாகத் திறந்தது. முழங்கால்வரை நனைந்து, தொப்பியைக் கையில் பிடித்துக்கொண்டு, பத்தொன்பது வயது யெனோ உள்ளே வந்தான். வீட்டைச் சுற்றிப் பார்த்தான். அவளைப் பார்த்தான்.

“பாட்டி, அம்மா இல்லையா? ஒரு மணி நேரம் கழிச்சு வரச் சொன்னாங்க.”

அவளுக்கு அப்போது எழுபத்து நான்கு வயது. அவன் ஒரு மணி நேரத்துக்கு முன்னால் விட்டுப் போன அம்மாவுக்கு நாற்பத்து மூன்று.

“பக்கத்துல கிஸெல்லா வீட்டுக்குப் போயிருக்கா. நீ உக்காருப்பா, சூடா இருக்கு.”

பொன்னுருண்டையைக் கத்தியால் வெட்டக் கூடாது, அவன் விரலால் பிய்த்துப் பிய்த்துப் பதினோரு உருண்டை தின்றான். அப்பாவுக்கு இன்னும் கோபமா என்று கேட்டான். இல்லை, அவர் உன்னைத்தான் தேடிக்கொண்டிருந்தார் என்றாள் எதெல்கா. அவன் தலையைக் குனிந்துகொண்டான். பிறகு எழுந்தான். கால்வாய்ப் பாலத்தை எந்த நேரமும் அடைத்துவிடுவார்களாம், காத்திருக்க முடியாதாம், அம்மாவிடம் சொல்லிவிடச் சொன்னான். கண்டிப்பாகச் சொல்கிறேன் என்று வாக்குக் கொடுத்தாள்.

அடுத்த சனிக்கிழமையும் வந்தான், அதே ஈரக் கால்சட்டை, அதே கேள்வி. மூன்றாம் சனிக்கிழமை அவளால் பொறுக்க முடியவில்லை. நான்தான்டா உன் அம்மா என்று அவன் கையைப் பிடித்துக்கொண்டாள். புத்தி பேதலித்த கிழவியைப் பார்ப்பது போல அவன் இரக்கத்தோடு பார்த்து, கையை மெதுவாக விடுவித்துக்கொண்டு, ஒரு உருண்டைகூடத் தொடாமல் பசியோடு போய்விட்டான். அந்த வாரம் முழுக்க அழுது தீர்த்தவள், அதன் பிறகு அந்தப் பேச்சை எடுக்கவேயில்லை. அம்மாவாக இருப்பதா, அவனுக்குச் சோறு போடுவதா என்றால் அவள் வேறு என்ன செய்வாள்?

எல்லையில் முள்வேலியை அறுத்த வருடமும் வந்தான், அந்நியச் சிப்பாய்கள் நாட்டைவிட்டுப் போன வருடமும் வந்தான். சனிக்கிழமை மத்தியானங்களில் கிஸெல்லா எதெல்காவின் வீட்டுப் பக்கம் போகாமல் இருந்துகொண்டாள், அங்கே பையன் சாப்பிடுகிறான் என்று தெருவில் சொன்னாள், தெருவும் சரி என்றது. எதெல்கா இறக்கும்வரை ஆறு வருடம் இப்படி நடந்தது. அவன் போனதும் கதவைச் சாத்துவாள், தகரத்தைக் கழுவிக் கவிழ்ப்பாள், கையைத் துடைத்துக்கொண்டு சுவரிலிருந்த கண்ணாடிக்கு முன்னால் போய் நிற்பாள். சொல்கிறேன் என்று வாக்குக் கொடுத்திருந்தாள் அல்லவா!

“எதெல், யெனோ வந்துட்டுப் போனான். உன்னைத்தான் கேட்டான். நல்லா சாப்பிட்டான்.”