நான்காம் மாடியின் அவசரக் கதவு

பல் மருத்துவமனையின் வரவேற்பு மேசையில் வாரத்துக்கு ஐந்து நாள் வாய் வலிக்கச் சிரிப்பவள் அவள். மீதி இரண்டு நாளும் படமெடுத்துத் தரும் வேலை கிடைக்காதா என்று ஓராண்டாக அவள் ஏறாத படியில்லை. கடைசியில் அக்காளின் கணவர் வழியாகவே வேலை வந்தது. தையல் ஆலைப் பெண்கள் தங்கும் விடுதிக்கு அவர் கண்காணிப்பாளர். தீயணைப்புத் துறையின் உரிமத்துக்கு மாடிதோறும் படம் வேண்டும். 'நேரில் கண்டு எடுத்தேன்' என்று ஒவ்வொன்றின் கீழும் அவள் கையொப்பமிட வேண்டும். இது தேறினால் முதலாளியின் மற்ற ஆறு விடுதிகளும் அவளுக்கே.

முதல் மாடியில் சிவப்புத் தீயணைப்பான் ஒன்றைச் சுவரில் மாட்டிவிட்டு விலகி நின்றார் அத்தான். படமெடுத்தாள். இரண்டாம் மாடிக்கு ஏறும்போது அதையே கைக்குழந்தைபோல் இடுப்பில் இடுக்கிக்கொண்டு வந்தார்.

"மாடிக்கு ஒண்ணு இல்லையா அத்தான்?"

"ஆர்டர் போட்டாச்சும்மா. வர்ற வரைக்கும் நாலு மாடிக்கும் இவன்தான் மாப்பிள்ளை."

சிரித்தாள். மூன்றாம் மாடியில் அதன் கழுத்திலிருந்த அதே நசுங்கல் கேமராவின் திரையில் தெரிந்தபோது சிரிப்பு வரவில்லை. கோணத்தை மாற்றி அதை மறைத்தாள். அந்தக் குற்றம் அவளுடையதே. சமாதானம் எதுவும் அதற்குக் கிடையாது.

நான்காம் மாடியில் நாற்பது பாய்கள். சன்னல்தோறும் இரும்புக் கம்பி. கோடியில், 'அவசர வழி' என்று எழுதிய புத்தம்புதுப் பச்சைக் கதவு. வெளிச்சம் போதவில்லை. திறந்தால் வெளிச்சம் விழுமே என்று கைப்பிடியைத் திருப்பினாள்.

"ஏய், தொடாத!"

அதற்குள் கதவு திறந்துவிட்டது. அப்பால் படிக்கட்டு இல்லை. செங்கல் சுவர்.

அத்தான் ஓடிவந்து சாத்தினார். "மூடியே எடும்மா. படத்துல எல்லாக் கதவும் கதவுதான்."

"தீப்பிடிச்சா எங்க போவாங்க?"

"வாயைக் கழுவு! உங்கக்கா வீட்டு அடுப்பு இதுலதான் எரியுது, மறந்துடாத."

அப்போது வேலை முடிந்த பெண்ணொருத்தி மேலேறி வந்து, கதவோரப் பாயில் பையை வைத்தாள்.

"அக்கா, படத்துல என் எடமும் விழுமா? முந்தாநாள் கதவு வெச்சதுமே சண்டை போட்டுப் பிடிச்சேன். ஏதாவது ஒண்ணுன்னா மொத ஆளா ஓடிடலாம்ல? பெயிண்ட் காயட்டும், தொடாதீங்கன்னு சார்தான் சொல்லியிருக்காரு."

அத்தானின் பார்வையில் கெஞ்சலும் இருந்தது, மிரட்டலும் இருந்தது. அவள் கதவை அகலத் திறந்தாள். அந்தப் பெண் செங்கல்லை விரலால் தொட்டுப் பார்த்தாள். கேமரா ஒருமுறை ஒலித்தது.

"இந்தப் படத்துக்குக் கீழதான் கையெழுத்துப் போடுவேன், அத்தான்."

அவர் விறுவிறுவென வெளியேறி, மாடிப்படிக் கதவை இழுத்துச் சாத்தினார். வெளித்தாழ் விழுந்தது.

"முதலாளி வரட்டும். அதுவரைக்கும் ரெண்டு பேரும் உள்ளயே இருங்க."

அந்தப் பெண் ஒவ்வொரு சன்னலாகப் போய்க் கம்பிகளை அசைத்துப் பார்க்கத் தொடங்கினாள்.