வெட்டி எடுத்த ஃபில்டர்

இருபது வருஷம் லாரி ஓட்டியவன் நான். ஃபேன் அலறி, சூட்டு வாடை அடித்தால் ஓரங்கட்டி எஞ்சினை அணைத்துவிடுவேன். ரத்தத்தில் ஊறிய பழக்கம். 2016-ல் சொந்தமாக வாங்கிய பழைய வெளிநாட்டு டீசல் காரிலும் அதையேதான் செய்தேன். திண்டிவனத்திலிருந்து மயிலம் கல்லூரிக்கு தினமும் ஆறு டீச்சர்களை ஏற்றிப்போகும் கார் அது. வழியில் வாடை வரும், அணைப்பேன். டீச்சர்கள் முணுமுணுப்பார்கள். வண்டியைப் பற்றி இவர்களுக்கு என்ன தெரியும் என்று நினைத்துக்கொள்வேன்.

ஒரு சனிக்கிழமை மீட்டரில் மஞ்சள் விளக்கு எரிந்தது. வண்டி நாற்பதைத் தாண்டவில்லை. கூட்டேரிப்பட்டு மெக்கானிக் மாரியப்பன் அடியில் படுத்துப் பார்த்தான்.

"பொகை ஃபில்டரு அடைச்சிக்கிச்சிண்ணே. அதுல சேர்ற கரிய வண்டியே எரிச்சிக்கும். அப்பதான் ஃபேன் கத்தும், வாடை வரும். நிறுத்தாம ஓட்டிக்கினே இருக்கணும்."

"நான் ஒவ்வொரு வாட்டியும் அணைச்சேனேடா!"

"அதான் பேஜாரு. இப்ப கரி எரியணும்னா வேகமா போவணும். வேகமா போவணும்னா கரி எரியணும்."

என் தலையில் நானே மண்ணை வாரிப் போட்டிருக்கிறேன். புது ஃபில்டர் வர இரண்டு மாதமாகுமாம். அதுவரை டீச்சர்கள் காத்திருப்பார்களா? திங்கட்கிழமையே வேறு வேன் பிடித்துவிடுவார்கள்.

"வெட்டி எடுத்துட்டா சும்மா பறக்கும்ணே. பொகை வரும், அவ்ளோதான்."

அவ்வளவுதானா? எங்கள் சந்தில் கார் நிற்பது வீட்டு ஜன்னலை ஒட்டி. ஜன்னலுக்கு அந்தப் பக்கம் கட்டில். கட்டிலில் என் மனைவி அக்னஸ், மூச்சிரைப்புக்காரி. எல்லாம் தெரிந்துதான் "வெட்டு" என்றேன்.

திங்கட்கிழமை காலை சாவியைத் திருப்பியதும் சந்து கறுத்தது. அக்னஸ் ஜன்னலைப் படாரென்று சாத்தினாள். பதறிப்போய் அணைத்தேன்.

சத்தம் நின்றதும் உள்ளிருந்து அக்னஸ் எதிர்வீட்டுக்குக் குரல் கொடுத்தாள். "சவுரியக்கா, வண்டி போயிடுச்சா? ஜன்னலத் தொறக்கட்டுமா?"

வாசலில் நின்ற சவுரியம்மாள் என்னைப் பார்த்தாள். "இன்னும் இங்கதான் நிக்குது" என்றாள்.

சந்து முனைவரை தள்ளிவிடலாம் என்று கதவில் தோளைக் கொடுத்தேன். மூச்சு முட்டியதுதான் மிச்சம். வண்டி அசையவில்லை. பஸ் ஸ்டாண்டிலிருந்து டீச்சர் போன் அடித்தாள்.

"இதோ வந்துக்கினே இருக்கேம்மா" என்றேன்.

ஏறி உட்கார்ந்து சாவியைத் திருப்பினேன். உள்ளே அக்னஸ் இரும ஆரம்பித்தாள்.