உள்ரோமம்

இன்னும் ஈரம்தான். மேலே காய்ந்தது மாதிரி காட்டிவிட்டு அடியில் ஒளித்து வைத்திருக்கிறாயே, சின்னவளே. இன்றைக்கும் நீ தண்ணீரில் இறங்க முடியாது.

கடல் நீர்நாயின் ரோமத்துக்குள் விரலை நுழைத்தபடி காட்சியகத்தில் விலங்குகளைப் பராமரிக்கும் அவள் இதை மனதுக்குள்தான் சொன்னாள். ரோமம் நன்றாக இருந்தால் விரல் லேசில் தோலைத் தொட்டுவிடாது; அத்தனை அடர்த்தி. அதற்குள் சிக்கியிருக்கும் காற்றுதான் நீர்நாய்க்குப் போர்வை. பனிக்கரடிக்குத் தோலுக்கடியில் நான்கு விரல் கனத்துக்குக் கொழுப்பு உண்டு. இதற்கு அது கிடையாது. ரோமம் கெட்டால் உயிர் போய்விடும்.

கெடுத்தது அவள்தான். திங்கட்கிழமை நீர்நாய்களின் ஐஸ் தொட்டி உடைந்துவிட்டது. கரடிக்குக் கொழுப்புத் துண்டுகள் கொண்டுபோகும் தொட்டியை அவசரமாகக் கழுவி, அதில் ஐஸை நிரப்பிக் கொடுத்தாள். இரண்டு நீர்நாய்களும் ஐஸைக் கட்டிக்கொண்டு உருண்டன. தொட்டியில் மிச்சமிருந்த கொழுப்புப் பிசுக்கு ரோமத்தில் ஒட்டிய இடங்களிலெல்லாம் குளிர்நீர் உள்ளே இறங்கியது. மாலையில் அவள் வந்து பார்த்தபோது பெரியவள் குளத்திலேயே விறைத்துக் கிடந்தாள். சின்னவளைச் சோப்புப் போட்டுக் கழுவினார்கள். பிசுக்கோடு ரோமத்தின் சொந்த எண்ணெயும் போயிற்று. அது ஊறிவர இன்னும் நாலைந்து நாளாகும்.

காட்சியகத்தின் மேலாளர் அவளுடைய அக்காள் கணவர். பெரியவள் செத்தது நிமோனியாவில் என்று குறிப்பேட்டில் எழுதி அவள் வேலையைக் காப்பாற்றியவர். அன்றைக்கு அவருக்கு நன்றி சொன்னதை நினைத்தால் இப்போது வாய் கசந்தது.

அவர் கதவருகிலேயே நின்று பேசினார். பத்து மணிக்குப் பள்ளிப் பிள்ளைகள் வருகிறார்களாம். கண்ணாடிக்குப் பின்னால் குளம் காலியாக இருந்தால் அசிங்கமாம். அரை மணி நேரம் விட்டு எடுத்துவிட்டால் போதுமாம். உள்ரோமம் இன்னும் ஈரமாக இருக்கிறது என்று அவள் சொல்லிப் பார்த்தாள்.

"கடற்பசுவுக்கு வெந்நீர் போட்டுக் கொடுக்கிறோம், கரடிக்கு ஐஸ் கொட்டுறோம். இதுக்கு அதுக்கும் மேல மாப்பிள்ளை உபசாரமா?" என்று சிரித்தார்.

அவள் சிரிக்கவில்லை. அவர் குரல் தாழ்ந்தது.

"உன் தப்பை நான் மறைச்சேன்மா. அரை மணி நேரம்தானே கேக்குறேன்."

உண்மைதான். தப்பு அவளுடையது. அவர் காப்பாற்றியதும் அவளைத்தான். குளத்தில் இறங்க வேண்டியது மட்டும் இந்த நீர்நாயா? மடியில் சின்னவள் தன் வயிற்றை விடாமல் நக்கிக்கொண்டிருந்தாள், தானே சரிசெய்துவிட முடியும் என்பதுபோல.

"மாட்டேன் அத்தான்," என்றாள். "அந்தக் குறிப்பைத் திருத்தி, நான்தான் காரணம்னு எழுதிடுங்க."