ஆரோனின் கோலும் பத்திரகாளியின் ஆடுகளும்

எபநேசர்புரத்து வேதக்கோயிலின் கோயில்பிள்ளை மாசிலாமணி, நயாபைசா வந்த வருஷம் ஆவணி மாதம் செத்துப்போனார். கோயில்பிள்ளை என்றால் மணியடித்து, விளக்கேற்றி, பாய் விரித்து, கோயிலைப் பெருக்கி வைக்கிற ஆள். இதில் பாயும் விளக்கும் விளக்குமாறும் அவர் பெஞ்சாதி சொர்ணத்தாயின் பாடு. மணியும் முக்கால்வாசி நாள் அவள்தான். இது ஊருக்கே தெரியும். தெரியாத மாதிரி இருப்பது ஊர் மரியாதை.

கோயிலை ஒட்டி ஓர் ஓட்டு வீடு. வேலை யாருக்கோ வீடு அவருக்கு. மகன் ஆரோனுக்கு வேலை கிடைத்தால் சொர்ணத்தாய் அங்கேயே இருக்கலாம். கிடைக்காவிட்டால் சட்டிபானையைக் கட்டிக்கொண்டு மணியாச்சியில் தங்கச்சி வீட்டு மாட்டுக்கொட்டகைக்குப் போக வேண்டியதுதான். தங்கச்சி நல்லவள். தங்கச்சி புருஷன் ரயில்வேயில் இருக்கிறான். வாயைத் திறந்தால் எஞ்சின் புகைதான்.

மூன்றாம் நாள் ஜெபம் முடிந்து காப்பி ஆறுவதற்குள், மாசிலாமணியின் தம்பி வேதக்கண் ஒரு கயிற்றோடு வந்து முன்கூடமான பட்டாசலை நீளவாக்கில் அளந்தான்.

"என்ன கொழுந்தனாரே, என்னத்தை அளக்குதீங்க?"

"ஒண்ணுமில்ல மதினி. எங்க தேக்குக் கட்டில் இங்கன கொள்ளுமான்னு பார்த்தேன்."

"கட்டில் கொள்ளும். நீங்கதான் கொள்ள மாட்டீங்க."

"அப்படிச் சொல்லப்படாது. அண்ணனுக்குப் பொறவு தம்பிதானே. நாம லேவி கோத்திரம் மாதிரி மதினி. ஆசாரியத்துவம் ரத்தத்துல ஓடுது."

"எம் மகனுக்கு மட்டும் என்ன பதநீரா ஓடுது?"

இந்தக் கோத்திரத்தின் பிறப்பையும் சொல்லிவிடுவோம். அவர்கள் தாத்தா கிணற்றில் கமலை இறைத்தவர். வெள்ளைக்கார ஐயர் கப்பலில் மணி கொண்டுவந்து தொங்கவிட்டபோது, கயிறு பிடித்துக் காய்த்த கை என்று அவரைக் கூப்பிட்டு இழுக்கச் சொன்னார். அன்றைக்கு அவருக்குக் காய்ச்சல் கண்டிருந்தால் லேவி கோத்திரம் வேறு வீட்டில் உதித்திருக்கும்.

இன்னொன்றும் உண்டு. அசனப் பண்டிகையில் ஊரே ஒரே பந்தியாக உட்கார்ந்து கறிச்சோறு சாப்பிடும். அன்று வெட்டுகிற முதல் கிடாயின் வலது தொடை கோயில்பிள்ளைக்கு. இஸ்ரவேலில் ஆசாரியனுக்கு உண்டான பங்கு அதுதானாம். வேதக்கண்ணுக்குப் பரம்பரை மேல் இருந்த பக்தியில் பாதி அந்தத் தொடையின் மேல் இருந்தது.

இரண்டு கட்சியும் ஐயரைப் பிடுங்கியெடுத்தது. ஐயர் என்றால் சபைப் பாதிரியார், கோவில்பட்டியிலிருந்து மாதத்துக்கு ஒருதரம் வருபவர். நிம்மதியாக ஒரு வாய் சோறு தின்னவிடாமல் ஆளாளுக்கு வந்து நின்றதில் கடுப்பாகி, பிரசங்கத்தில் இஸ்ரவேலின் முதல் ஆசாரியன் ஆரோனின் கதையை எடுத்தார். வனாந்தரத்தில் கோராகு என்பவன், "சபையார் எல்லாரும் பரிசுத்தர்தானே, நீ மட்டும் என்ன உசத்தி" என்று ஆரோனோடு மல்லுக்கு நின்றான். பூமி வாயைத் திறந்து அவனை விழுங்கியது. பிறகு கோத்திரத்துக்கு ஒரு கோலாகக் கூடாரத்தில் வைத்தார்கள். மறுநாள் பார்த்தால் ஆரோனின் கோல் மட்டும் துளிர்த்திருந்தது. ஆகையால் பதவிக்குச் சண்டை போடாதீர்கள் என்று முடித்து ஐயர் பஸ் ஏறினார். சபையின் காதில் கோல் மட்டும்தான் விழுந்தது.

"கோல் வைப்போம்," என்றான் வேதக்கண்.

"வச்சுப் பாருங்க. எம் மகன் பேரே ஆரோன்," என்றாள் சொர்ணத்தாய்.

ஐயர் இல்லாத நாட்களில் ஜெபம் நடத்துகிற உபதேசியாருக்குச் சண்டை என்றாலே ஆகாது. "கர்த்தரே சொல்லட்டும். எனக்கு எதுக்குப் பொல்லாப்பு," என்று ஒத்துக்கொண்டார்.

ஆரோனின் கோல் வாதுமை மரம். இந்தக் கரிசல் காட்டில் வாதுமைக்கு எங்கே போக? எந்தக் கம்பானாலும் சரி என்றார் உபதேசியார். வேதக்கண் கைத்தடிப் பருமனில் பூவரசங்கம்பு வெட்டிவந்தான். சொர்ணத்தாய் வீட்டுக்குப் பின்னால் வேலியில் எட்டிய நொச்சியை ஒடித்துவந்தாள். சம்பந்தப்பட்ட ஆரோன் கோவில்பட்டித் தீப்பெட்டி ஆபீசில் வேலை பார்த்துவிட்டு வந்து தூங்கிக்கொண்டிருந்தான்.

அதோடு நின்றதா? வாத்தியார் ஒரு முருங்கைக் கம்போடு வந்தார். காப்பிக் கடைக்காரர் கிளுவை கொண்டுவந்தார். "ரெண்டு பேருதான் வைக்கணும்னு வேதத்துல இல்லையே" என்று வீட்டுக்கு ஒரு கம்பு வந்து சேர்ந்தது. எல்லாம் சாய்ந்து விழுகிறது என்று உபதேசியார் ஒரு பெரிய தொட்டியைக் கொண்டுவந்து, வயலிலிருந்து கரிசல்மண் அள்ளிப்போட்டு, கோல்களை அதில் வரிசையாக ஊன்றிப் பலிபீடத்துக்கு முன்னால் வைத்தார். பிறந்ததிலிருந்து இந்த மண்ணில் கிடந்த மனிதர் செய்கிற காரியமா அது?

மறுநாள் கம்பெல்லாம் கம்பாகவே இருந்தது.

"இஸ்ரவேல்ல மழை எப்படியோ," என்றார் உபதேசியார். "நம்ம ஊருக்குக் கொஞ்சம் தவணை கொடுப்போம். ஐயர் வரட்டும்."

அதன் பிறகு கோயிலில் ஜெபம் பெருகியதைப் பார்க்க வேண்டுமே. பண்டிகைக்குப் பண்டிகை முகம் காட்டுகிறவர்களெல்லாம் தினமும் முழங்கால் போட்டார்கள். போகும்போது முந்தானைக்குள் ஒரு செம்பு. வரும்போது செம்பு காலி. வாத்தியார் சாணிக் கரைசல் கொண்டுபோனார் என்பது வாசனையிலேயே தெரிந்தது. போதாததற்குப் புரட்டாசி மழையும் முந்திக்கொண்டு, கூரை ஓட்டு இடுக்கு வழியாகத் தொட்டிக்குள்ளேயே சொட்டியது.

அத்தனை கோலும் துளிர்த்தது.

ஊர் முழுக்க ஆசாரியர்கள். "எங்கம்புதான் முதல்ல விட்டது" என்று வாத்தியார். "எனக்குத்தான் கொழுந்து ஜாஸ்தி" என்று காப்பிக் கடை. கோராகு சொன்னதுதான் சரி, அவனைப் போய் பூமி விழுங்கிவிட்டதே என்று உபதேசியாருக்கே ஒரு சந்தேகம் வந்தது. ஆனால் இலையைப் பார்த்தால் வேதக்கண்ணின் பூவரசுதான். ஒவ்வொன்றும் உள்ளங்கை அகலம். "பெரிய இலைக்குத்தான் வேலைன்னு ஐயர்கிட்ட சொல்லிப்புடுதேன்," என்றார் உபதேசியார். வேதக்கண் கட்டிலுக்குக் கயிறு மாற்றக் கொடுத்தான்.

ஐயர் வருவதற்கு முந்தின நாள் சனிக்கிழமை. சொர்ணத்தாய் கோயிலைப் பெருக்கினாள். தொட்டிக்கு முன்னால் வந்ததும் கை நின்றது. நொச்சி குச்சிக்குச்சியாக நாலு இலை விட்டிருந்தது. பக்கத்தில் பூவரசு மாப்பிள்ளை மாதிரி நின்றது. மணியாச்சிக் கொட்டகையின் மூத்திர வாடை அவளுக்கு இங்கேயே அடித்தது. ஒரே இழுப்பில் பிடுங்கி எறிந்துவிடலாம். ஆனால் கர்த்தர் பார்த்துக்கொண்டிருப்பார். குப்பையை அள்ளிக்கொண்டு, கதவைத் தாண்டி வீட்டுக்குப் போனாள்.

பத்திரகாளி என்கிற கீதாரி பொழுது சாய ஆடுகளைப் பட்டிக்கு ஓட்டிப்போவது கோயில் வாசல் வழியாகத்தான். இதைச் சொர்ணத்தாயைவிட நன்றாக அறிந்தவர் ஊரில் இல்லை. தினமும் வாசலில் புழுக்கை கூட்டுகிறவள் அவள். கதவைச் சாத்தினாளா இல்லையா என்று பிறகு எத்தனை பேர் கேட்டும் அவளுக்கு நினைவில்லை. கல்யாணமாகி வந்த நாளிலிருந்து மறக்காத கதவு.

ஞாயிற்றுக்கிழமை ஐயர் வந்து, பலிபீடத்துக்கு முன்னால் தொட்டி நிறையக் கம்பைப் பார்த்துத் திகைத்தார்.

"என்ன உபதேசியாரே இது?"

"ஐயா சொன்னதுதான்."

பூவரசு மொட்டைக் கம்பு. முருங்கையில் பட்டைகூட இல்லை. கிளுவை பாதிதான் மிச்சம். நடுவில் நொச்சி மட்டும் நாலு இலையோடு சாதுவாக நின்றது. நொச்சியை ஆடு மோந்துவிட்டுப் போகுமே தவிர வாய் வைக்காது. தரையெங்கும் புழுக்கை.

வேதக்கண் தன் மொட்டைக் கம்பைக் காட்டினான். "ஆடு தின்னு தீர்ப்புச் சொல்லுமாய்யா? இது அடுக்குமா?"

உபதேசியார் தலையைச் சொறிந்தார். "வேதத்துல பிலேயாமுக்குக் கழுதை பேசலையா, வேதக்கண்ணு?"

பத்திரகாளியைக் கூப்பிட்டு விசாரித்தார்கள். அவன் கோயில் படிக்குக் கீழேயே நின்றான்.

"கதவு தொறந்து கெடந்தா ஆடு போகத்தான் செய்யும் அண்ணாச்சி. எங்க கோயில்லயும் இப்படித்தான் மாலையெல்லாம் திங்குது. ஆனா பூசாரியை மாத்துனதில்ல."

ஐயர் கடிகாரத்தைப் பார்த்தார். விளாத்திகுளத்திலிருந்து கோவில்பட்டி திரும்புகிற பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது. "மாசிலாமணி மகனே இருக்கட்டும்," என்றார். "அடுத்த மாசம் நான் எந்தக் கதையும் சொல்லப்போறதில்ல."

மறுநாள் விடிகாலை மணி பிசகாமல் அடித்தது. அந்நேரம் பால் கறக்கப் போன இரண்டு பேர், புதுக் கோயில்பிள்ளை வீட்டுக்குள் வாயைப் பிளந்து தூங்கிக்கொண்டிருந்ததைச் சன்னல் வழியாகப் பார்த்தார்கள். பார்த்துவிட்டு, பார்க்காத மாதிரி போனார்கள்.

அசனப் பண்டிகையில் வலது தொடை ஆரோனுக்கு வந்தது. வேதக்கண் பந்திக்கு வரவில்லை. ரோஷம் பாதி, ஜலதோஷம் பாதி. முற்றத்தில் கழற்றிப்போட்ட கட்டிலை மழையில் நனையவிடாமல் தூக்கியதில் பிடித்த சளி. தலை பாரம் தாங்காமல் மூன்றாம் நாள் தலையில் துண்டைப் போட்டுக்கொண்டு வேலியோரம் வந்து நின்றான்.

"மதினி... ஆவி பிடிக்க ரெண்டு கொத்து நொச்சி ஒடிச்சுக்கிடட்டுமா?"

சொர்ணத்தாய் விளக்குத் துடைத்துக்கொண்டிருந்தவள் நிமிர்ந்து, அவன் கையைப் பார்த்தாள், மடியைப் பார்த்தாள்.

"தாராளமா ஒடிங்க. உள்ள வந்து ஒரு வாய் கறிக்குழம்பும் குடிச்சிட்டுப் போங்க. அளக்குத கயித்தை மட்டும் வெளிய வச்சிட்டு வாங்க."