கம்பெனி கட்டிய பாக்கி

ராயபுரம் தொழிலாளர் ஆஸ்பத்திரிக்கு அப்பாவு தரவேண்டிய பாக்கி ஆயிரத்து எழுநூற்று நாற்பது ரூபாய். மனைவி கெங்கம்மாவின் காலில் ஆறாத சர்க்கரைப் புண்ணுக்குக் கட்டுப் போட்டே ஏறிய கடன். துறைமுகக் கூலிகள் காசு போட்டுக் கட்டிய ஆஸ்பத்திரி என்பதால் அங்கே கடன் சொல்லலாம். பாக்கி வைத்த அங்கத்தினருக்கு ஓட்டு மட்டும் கிடையாது.

அந்த ஆஸ்பத்திரியை ஒரு பெரிய மருத்துவக் கம்பெனி விலைக்குக் கேட்டது. அங்கத்தினர்கள் கூடி முடிவு செய்யவேண்டும். கடன்காரர்களுக்கு ஓட்டு வந்தால் நன்றியோடு நம் பக்கம் நிற்பார்கள் என்று கணக்குப் போட்ட கம்பெனி, பெரிய மனசு பண்ணி எல்லோருடைய பாக்கியையும் கட்டிவிட்டது.

கூட்டத்தில் 'விற்கலாம்' என்பவர்களைக் கை தூக்கச் சொன்னபோது அப்பாவு காது குடைந்துகொண்டிருந்தார். 'வேண்டாம்' என்றபோது கடன்காரர்கள் அத்தனை பேர் கையும் மேலே போயிற்று. அப்பாவுவின் கைதான் முதலில்.

கம்பெனி மேனேஜர் பாய்ந்து வந்தார். "எங்க பணத்துல ஓட்டு வாங்கி எங்களையே கவுத்துட்டீங்களே பெரியவரே!"

"கோச்சுக்காத சார். உங்க ஆஸ்பத்திரில கடன் சொல்ல வுடுவியா?"

"அதெப்படி முடியும்?"

"அதான் சார்."

அப்பாவு ஆஸ்பத்திரிக் கணக்கர் லியோனார்டிடம் போனார். "பழைய பாக்கி தீர்ந்துச்சா மாமு?"

"சுத்தமா தீர்ந்துச்சு."

"அப்ப இன்னிக்குக் கட்டுப் போட்டத புச்சா எழுதிக்கோ."