கைகேயிக்கு எந்தக் கோடு?

வானொலி நாடகத்தில் முகம் கிடையாது, கிரீடம் கிடையாது. கேட்கிறவர்களுக்குக் கிடைப்பதெல்லாம் குரலும், அது எத்தனை தூரத்திலிருந்து வருகிறது என்பதும்தான். தயாரிப்பாளர் தணிகாசலம் இதை வைத்தே ஒரு முறை வகுத்திருந்தார். ஸ்டூடியோ நடுவில் ஒரே ஒரு மைக். அதைச் சுற்றிக் கம்பளத்தின் மேல் சாக்கட்டிக் கோடுகள்; ஒவ்வொரு கோட்டுக்கும் ராமாயணத்திலிருந்து ஒரு பெயர். ராமன் ஒரு முழத்தில் நின்று நேராகப் பேசுவான். ராவணனுக்குத் தொண்டை பெரிது, அதனால் நான்கு முழம் தள்ளி. கோசலை இரண்டு முழத்தில். கூடத்தில் உட்கார்ந்து பேசுவதுபோல் கேட்கும். கூனி மட்டும் மூக்கு உரசும் அளவுக்கு மைக்கை நெருங்கிக் கிசுகிசுப்பாள். வீட்டில் கேட்கிறவர் காதுக்குள்ளேயே அவள் ஓதுவதுபோல் இருக்கும். தியாகராய நகர் வக்கீல் வீட்டுக் கதையே ஆனாலும், நடிக்கிறவர்கள் இந்தக் கோடுகளில் ஒன்றில் நின்றாக வேண்டும்.

அல்போன்சாவுக்கு எந்தக் கோடு என்றுதான் தெரியவில்லை.

சாந்தோமில் ஒரு பள்ளிக்கூடத்தில் டீச்சர் அவள். 1944-இல் ஒரு சனிக்கிழமை, அவளுடைய முதல் நாடகம். இன்று சரியாக வந்தால் வாராவாரம் வரும் இந்தத் தொடரில் நிலைப்பாள். இல்லாவிட்டால் அடுத்த வாரம் வேறொருத்தி. ஏழு மணிக்கு நேரடி ஒலிபரப்பு. தவறினால் திருத்த வழியில்லை. அவளுக்கு அண்ணி வேடம். மைத்துனனுக்குப் பம்பாயிலிருந்து வந்த வேலைக் கடிதத்தை அண்ணி அரிசிப் பானைக்குள் ஒளித்துவிடுகிறாள். ஏன் என்று தாளில் இல்லை.

"நீ கைகேயிம்மா" என்று மட்டும் சொல்லியிருந்தார் தணிகாசலம். கைகேயிக்குக் கோடே இல்லை.

ஒத்திகையில் அவள் கூனி கோட்டில் நின்றாள். கண்ணாடி அறையிலிருந்து அவர் வெளியே வந்தார்.

"அங்க ஏன் நிக்கற? நீ என்ன கூனியா?"

"கைகேயி கெட்டவதானே சார்?"

"கெட்டவ இல்ல. கெடுத்தது கூனி."

கோசலை கோட்டுக்கு நகர்ந்தாள். இரண்டு வரி பேசியதும் மறுபடி வந்தார்.

"இப்ப ரொம்பப் பாசமா கேக்குது. கடுதாசிய ஒளிச்சவ மாதிரி இல்லையே."

"கைகேயிக்கும் மொதல்ல ராமன் மேல பாசந்தானே சார்?"

தணிகாசலம் கடிகாரத்தைப் பார்த்தார். "மணி ஆறரை ஆச்சு" என்று சொல்லிவிட்டு உள்ளே போனார்.

நாடகத்தை எழுதிய பிரகாசம் மூலையில் உட்கார்ந்து கடைசிப் பக்கத்தை எழுதிக்கொண்டிருந்தார். அவரிடம் போனாள்.

"அவ ஏன் சார் ஒளிச்சா?"

"அடுத்த வாரந்தாம்மா எனக்கே தெரியும்."

மைத்துனன் மனைவியாக நடிக்கும் தேவானை, பழைய நாடகக் கம்பெனிக்காரி, இதையெல்லாம் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"இன்னா டீச்சரம்மா, மூஞ்சி பேஜாரா கீது?"

"கைகேயி நல்லவளா கெட்டவளாக்கா?"

"பன்னெண்டு வருசம் அந்த வேசம் கட்டிக்கீறேன். பாக்கறவங்க மண்ண வாரித் தூத்துவாங்க, அயுவாங்க. நான் பாட்டுக்கு வசனத்த சொல்லிக்கினு போய்க்கினே இருப்பேன்."

அல்போன்சா தன் வேதத்தில் தேடினாள். ரெபேக்கா அகப்பட்டாள்: இளைய மகனுக்கு ஆசி கிடைக்க, உடம்பெல்லாம் ரோமம் உள்ள மூத்தவன் போலத் தோன்றும்படி அவன் கையில் ஆட்டுத்தோலைச் சுற்றிப் பார்வை மங்கிய கணவனை ஏமாற்றியவள். நல்லவளா? ஞானோபதேச வகுப்பில் எத்தனையோ தடவை சொன்ன கதை. ஒரு பிள்ளையும் இதைக் கேட்டதில்லை. இப்போது குழப்பம் இரண்டாயிற்று.

மணி ஏழு. சிவப்பு விளக்கு எரிந்தது.

"சாப்பிட வாப்பா" என்று கோசலை கோட்டிலிருந்து தொடங்கினாள். "தபால் ஒண்ணும் வரலியே" என்றபோது கால் தானாக அரை அடி முன்னே போயிற்று. அடுத்து வந்த ஒவ்வொரு பொய்க்கும் இன்னொரு அரை அடி. நாடகத்துக்குப் பின்னணிச் சத்தம் எழுப்பும் ஆம்ப்ரோஸ் பானை அரிசிக்குள் கையை விட்டு அளைந்தான். அவள் மூக்கு மைக்கை உரசியது. கூனியின் இடத்தில் நின்று, கோசலையின் குரலில் மெல்லச் சொன்னாள்:

"நீ இங்கயே இருப்பா."

கண்ணாடிக்குப் பின்னால் தணிகாசலம் கையைத் தூக்கினார். நிறுத்தச் சொல்கிறாரா, அப்படியே நிற்கச் சொல்கிறாரா? புரியவில்லை. நின்றாள்.

விளக்கு அணைந்ததும் அவர் சாக்கட்டியோடு வந்தார்.

"நீ யாரா நின்னு பேசின?"

"தெரியல சார்."

கோசலைக்கும் கூனிக்கும் நடுவே ஒரு கோடு இழுக்கக் குனிந்தார். அதற்கு எந்தப் பெயர் எழுதுவது என்று தெரியவில்லை. நிமிர்ந்தார்.

"உள்ள கேக்கறப்ப எனக்குக் கண்ணு கலங்கிடுச்சு. எதுக்குன்னு புரியல. அடுத்த சனிக்கிழமையும் வந்துடு. அதுக்குள்ள நீ யாருன்னு பாத்துச் சொல்லு."

"எனக்குப் பன்னெண்டு வருசமே பத்தல" என்றாள் தேவானை.

பிரகாசம் தாள்களை அடுக்கிக்கொண்டே அல்போன்சா பக்கத்தில் வந்தார்.

"ஏன் ஒளிச்சான்னு தெரிஞ்சா, எனக்கும் கொஞ்சம் சொல்லும்மா."